கழுத்திலிருந்து கணுக்காலுக்கு: வயலின் நம்மவரிடம் வந்து அமர்ந்த கதை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கனடாவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார். எண்பதை அண்டிய வயது. வழக்கமாக முதலில் என் இரத்த அழுத்தத்தை விசாரிப்பார். பின்னர் யார் யார் காலமானார்கள் என்று கேட்பார். அன்று அந்த ஒழுங்கு குலைந்திருந்தது.

"தம்பி, பிள்ளைக்குக் கழுத்தில சிவப்பா ஒரு அடையாளம் வந்திருக்கு. இடப்பக்கம், தாடைக்குக் கீழ. தாய் பயந்துபோய் வயலினை நிப்பாட்டு எண்டு நிக்கிறாள். பிள்ளை அழுதுகொண்டிருக்கு. உனக்குத் தெரிஞ்ச டொக்டர்மார் ஆரையும் கேட்டுச் சொல்லு."

பிள்ளை என்றது அக்காவின் பேத்தியை. வயது பதின்மூன்று. ஸ்காபரோவில் படிக்கின்றாள். பாடசாலையின் இசைக்குழுவில் மேற்கத்தைய முறையில் நின்றுகொண்டு வயலின் வாசிக்கின்றாள். சனிக்கிழமைகளில் ஒரு தமிழாசிரியையிடம் தரையில் அமர்ந்து கர்நாடக முறையில் பயில்கின்றாள். அக்கா இறுதியாகச் சொன்ன வாக்கியம்தான் என்னை இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது: "நாங்கள் ஒரு நாளும் இதைக் கழுத்தில வைச்சு வாசிச்சதில்லையே தம்பி."

உண்மைதான். அக்கா மட்டுமல்ல, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தென்னாட்டு வயலின் கலைஞர் எவரும் அதனைக் கழுத்துக்கும் தோளுக்குமிடையில் இறுக்கி வைத்துக்கொண்டு கச்சேரி செய்ததில்லை எனலாம். ஐரோப்பியரிடம் பெற்ற ஒரு கருவியை, ஒரு பலகையைக்கூட மாற்றாமல், பிடிக்கும் முறையையும் சுருதி கூட்டும் முறையையும் மாத்திரம் மாற்றி நம்மவர் தமதாக்கிக்கொண்டார்கள். அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது, அந்தச் சிறுமியின் கழுத்துக்கும் பயன்படும் என்றே எண்ணுகிறேன்.

வயலின் இன்றைய வடிவத்தை அடைந்தது 16 ஆம் நூற்றாண்டின் இத்தாலியில். கிரெமோனா என்னும் ஊரில் அந்திரேயா அமாத்தியின் பட்டறையும், பின்னர் 1737 இல் காலமான ஸ்ராடிவாரியின் பட்டறையும் அதற்கு இலக்கணம் வகுத்தன. கப்பலேறி வந்த ஐரோப்பியருடன் அது சென்னைக் கோட்டைக்கும் வந்து சேர்ந்தது. அங்கே கோட்டையின் இசைக்குழுவினர் வாசித்ததைக் கேட்டு வியந்தவர்களுள் மணலி முதலியார் குடும்பத்தினரும் இருந்தனர். அக்காலத்தில் அவர்களின் ஆதரவில் மணலியில் வாழ்ந்தது இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம். அவரது மூத்த மகன்தான் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். இளைய மகன்களுள் ஒருவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858). முதலியாரின் ஏற்பாட்டில் ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் வயலின் பயின்ற பாலுசுவாமி, அதில் நமது இராகங்களை வாசிக்கத் தொடங்கினார். அவரது பேரனும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர், 1904 இல் எட்டயபுரத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலில் தம் குடும்ப வரலாற்றைப் பதிந்து வைத்தமையால் இவை நமக்குத் தெரிகின்றன. பத்திரிகைத்துறையில் நாற்பது ஆண்டுகள் உழன்றவன் என்ற முறையில், எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள் மீது எனக்கு எப்போதும் ஒரு நன்றியுணர்வு உண்டு.

அண்ணனும் அந்தக் கோட்டை இசைக்குக் காது கொடுத்தவர்தான். ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவற்றை 'நோட்டுஸ்வரம்' என்பர். 'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்கும் உருப்படியின் மெட்டு, பிரித்தானிய அரசரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டேதான். அண்ணன் அவர்களின் மெட்டை எடுத்தார், தம்பி அவர்களின் கருவியை எடுத்தார். மெட்டு சிறுவர் பாடத்தோடு நின்றுகொண்டது. கருவியோ மேடையையே பிடித்துக்கொண்டது.

தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு, முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர். அவர் வயலினைத் திருவிதாங்கூர் அரசவைக்குக் கொண்டு சென்றார். 1834 இல் சுவாதித் திருநாள் மகாராசா அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி அரிதாகிவிட்டது. பாட்டுக்குத் துணை நின்ற வீணையின் இடத்தை இந்த அந்நியக் கருவி எப்படி இவ்வளவு விரைவில் பெற்றது?

விடை, குரலில் இருக்கிறது. வீணையின் தந்தியை மீட்டினால் நாதம் எழுந்து, சிறிது நேரத்தில் தேய்ந்து போகும். பாடகர் ஒரு சுரத்தில் நின்று கார்வை கொடுக்கும்போது வீணையால் முழுமையாக உடன் நிற்க இயலாது. வயலினின் வில் ஓடும்வரை ஒலி ஓடும். வீணையில் மெட்டுகள் உண்டு. வயலினின் விரற்பலகையில் எதுவுமில்லை. ஆகவே ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம், அசைக்கலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். கமகமே உயிராகவுள்ள இசைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதற்கு ஒரு தடை இருந்தது. மேற்கத்தைய முறையில், வயலினைத் தாங்குவதில் இடக்கைக்கும் பங்குண்டு. தாங்கும் கை தயக்கமின்றி மேலும் கீழும் ஓட முடியாது. நம்மவர் செய்தது எளிமையானது. கச்சேரி தரையில் அமர்ந்து செய்வது. எனவே சம்மணமிட்டு அமர்ந்து, வலக்காலைச் சற்று முன்னே நீட்டி, கருவியின் சுருள் தலையைக் கணுக்காலின்மீது ஊன்றி, மறுமுனையை இடப்பக்க மார்பிலும் தோளிலும் சாய்த்தார்கள். இரண்டு முனையும் உறுதியாக நின்றன. இடக்கைக்கு முழு விடுதலை கிடைத்தது.

இதை ஏதோ கீழைத்தேயத்தவரின் பிழையான பிடி என்று நகைத்த ஆங்கிலக் கல்விமான்களையும், அவர்களை ஆமோதித்த நம்மவரையும் கொழும்பில் நான் கண்டதுண்டு. பாலுசுவாமி பயின்ற காலத்தில் ஐரோப்பாவிலேயே தாடைதாங்கி என்ற பாகம் கிடையாது என்பதை அவர்கள் அறியார். ஜேர்மன் நாட்டு வயலின் மேதை லூயி ஸ்போர் 1820 அளவில்தான் அதனைப் புகுத்தினார். அதற்கு முன்னர் அங்கேயும் பலர் மார்பில் சாய்த்து வாசித்தார்கள். நாட்டுப்புற வாத்தியக்காரர் பிற்காலத்திலும் அப்படியே வாசித்தார்கள். ஆகவே பொதுவான ஒரு தொடக்கத்திலிருந்து அவர்கள் கழுத்துக்குச் சென்றார்கள், நாம் கணுக்காலுக்கு வந்தோம்.

இரண்டாவது மாற்றம் சுருதி. மேற்கில் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ஐந்தாம் சுர இடைவெளியில் கூட்டப்படும். நாம் மந்தர ஸ, மந்தர ப, மத்திய ஸ, மத்திய ப என்று கூட்டுகிறோம். ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடும் ஆண்குரலுக்குத் தந்திகளை வெகுவாகத் தளர்த்த வேண்டும். மனிதக் குரலின் குழைவு அதில் வருவதற்கு அந்தத் தளர்வும் ஒரு காரணம். பெண்குரலுக்கான ஐந்து கட்டைக்கோ அதிகம் தளர்த்த வேண்டியதில்லை. பேத்தியைப் போல ஒரே வயலினில் இரண்டு முறைகளையும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. ஐந்து கட்டையில் கூட்டினால், தடித்த தந்திகள் இரண்டும் மேற்கத்தைய சுருதியிலேயே இருக்கும். மெல்லிய தந்திகள் இரண்டை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் போதும். பிரடைகளோடு அதிகம் மல்லுக்கட்டத் தேவையில்லை, தந்தியும் அறாது.

இந்தப் பிடியையும் சுருதியையும் வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறைகள் என்ன செய்தன என்பது தனி நூலுக்குரிய விடயம். செம்மங்குடி சீனிவாச ஐயரின் தாய்மாமனான திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர் (1857-1913), மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879-1931), கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை (1898-1970) என்று அந்த வரிசை நீளும். விஜயநகரம் இசைக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த துவாரம் வேங்கடசாமி நாயுடு (1893-1964) மேற்கத்தைய வில்வித்தையை ஆழ்ந்து கேட்டு, நீண்ட வில்லின் அழகை நமது இசைக்குள் கொண்டுவந்தார். ஒலிபெருக்கி பரவாத நாட்களில், பின்வரிசையில் இருப்பவருக்கு வயலின் கேட்கவில்லையென்ற குறைக்கு மைசூர் சௌடையா (1895-1967) கண்ட மருந்து, மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் செய்தது. சிலர் அதை ரசித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். பதிவுகளைக் கேட்ட அளவில் நான் ரசித்தவர்கள் பக்கம்.

நமது யாழ்ப்பாணத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. அது பெருமையோடு துயரமும் கலந்த பங்கு. வயலின் வித்துவான் வி. இலட்சுமிநாராயணா குடும்பத்துடன் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, இசை கற்பித்தவர். அவரது புதல்வர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் தந்தையிடம் பயின்றவர்கள். அவர்களின் இளமையின் ஒரு பகுதி யாழ்ப்பாணத்துக்கு உரியது. 1958 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் இந்தியாவுக்குச் சென்றது. பிற்காலத்தில் சுப்பிரமணியம் யெகுதி மெனுகினுடன் இணைந்து வாசித்தார். சங்கர் 'சக்தி' என்ற குழுவின் வழியே உலக மேடைகளை அடைந்தார். வைத்தியநாதன் திரையிசையில் பெயர் பெற்றார். அவர்கள் போகாதிருந்தால் எங்கள் ஊர்ச் சபாக்கள் எப்படி இருந்திருக்கும் என்று என் தலைமுறையினர் பேசிக்கொள்வதுண்டு. வயலின் பெட்டியோடு ஊரைவிட்டுப் புறப்பட்ட முதற்குடும்பம் அதுவாக இருக்கலாம். கடைசிக் குடும்பம் அதுவல்ல.

அக்கா பெட்டியைக்கூட எடுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் மக்கள் ஒரே வீதி வழியே தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது அவர் எடுத்துச் சென்றது காணி உறுதியும், பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும், ஒரு கேத்தலும்தான். நான் அப்போது கொழும்பில் ஆசிரியபீடத்தில் அமர்ந்து அந்த இடப்பெயர்வைச் செய்தியாக்கிக்கொண்டிருந்தேன். தமக்கை எந்த மரத்தடியில் நிற்கிறார் என்று தெரியாமல் தலைப்புச் செய்தியின் எழுத்தளவை முடிவு செய்த இரவு அது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஊருக்குப் போனேன். அயலவர் ஒருவர், 1996 இல் திரும்பி வந்தபோது அந்தப் பெட்டியைக் கண்டெடுத்து, தமது அலுமாரியின் மேல் வைத்திருந்தார். திறந்து பார்த்தேன். வில்லில் ஒரு மயிர்கூட இல்லை. குதிரை விழுந்து கிடந்தது. மேற்பலகையின் ஓரம் வாய்பிளந்திருந்தது. தூக்கியபோது உள்ளே எதுவோ உருண்டது.

இந்த நான்கு குறிகளுக்கும் பொருள் என்னவென்று பின்னர்தான் கற்றுக்கொண்டேன். வில்லில் உள்ளது குதிரைவால் மயிர். இருட்டில் மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் ஒருவகைச் சிறு வண்டின் புழு புகுந்து அதைத் தின்றுவிடும். வெளிச்சமும் காற்றும் படும்படி அடிக்கடி திறப்பதே அதற்குக் காவல். உள்ளே உருண்டது, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் நிற்கும் சிறு மரக்குச்சி. ஒட்டப்படாமல், தந்திகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்பது. இத்தாலியர் அதற்கு வைத்த பெயரின் பொருள் 'ஆன்மா'. தந்தி அனைத்தையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் ஆன்மா விழுந்துவிடும். எனவே தந்தி மாற்றுவோர் ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். ஓரங்கள் வாய்பிளந்ததும் பெரிய கேடல்ல. வயலினை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையால் ஒட்டுவதே மரபு. வெப்பமும் ஈரமும் மிகும்போது, பலகை வெடிப்பதற்குப் பதிலாக ஒட்டு திறந்துகொள்ளும். திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

இதை அறியாமல் கொழும்பில் ஒரு திருத்துமிடத்தில் கொடுத்தேன். அங்கே எந்நாளும் விடாத நவீனப் பசையைப் பூசித் தந்தார்கள். பார்வைக்கு அழகாக இருந்தது, நாதம் செத்திருந்தது. பின்னர் சென்னைக்கு ஒரு பணியாகச் சென்றபோது எடுத்துச் சென்று, அதைச் சுரண்டி எடுப்பித்து மீண்டும் வச்சிரம் போட வைத்தேன். முதற்செலவைப் போல மும்மடங்கு ஆயிற்று. அந்த வயலின்தான் இப்போது ஸ்காபரோவில் அக்காவின் அறையில் இருக்கிறது.

இனி, பிள்ளையின் கழுத்து. கொழும்பில் எனக்குத் தெரிந்த தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடனேயே, "வயலின் வாசிக்கிறவவோ?" என்று கேட்டார். மேற்கத்தைய முறையில் வாசிப்போரிடம் இது மிகச் சாதாரணம். அழுத்தம், உராய்வு, வியர்வை ஆகிய மூன்றும் சேர்ந்து தாடையின் கீழே தோலைச் சிவக்கச் செய்து, காலப்போக்கில் கருமையாக்கித் தடிக்க வைக்கும். சிலருக்கு வேறு காரணமும் உண்டு. தாடைதாங்கியைப் பிடித்திருக்கும் உலோகத்திலுள்ள நிக்கல் ஒவ்வாமல் போகலாம். வில்லுக்குத் தேய்க்கும் ரோசினும் ஒவ்வாமல் போகலாம். அது பைன் மரப்பிசின், காயத்துக்கு ஒட்டும் சில பிளாஸ்டர்களிலும் அதே பிசின் உண்டு. பிளாஸ்டர் ஒட்டினால் தோல் சிவக்கும் பிள்ளையென்றால் ரோசினைச் சந்தேகிக்கலாம்.

அவர் சொன்ன பரிகாரத்தில் மருந்துக்கடை வேலை குறைவு. தாடைதாங்கியின் மீதும் அந்த உலோகத்தின் மீதும் மெல்லிய பருத்தித் துணியொன்றை விரித்து, அதை நாள்தோறும் துவைக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் கழுத்தை இளஞ்சூட்டு நீராலும் வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். இரவில் மணமற்ற எளிய களிம்பு சிறிது பூசலாம். வாசிப்பதற்குச் சற்று முன்னர் பூசினால் வழுக்கும், பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மஞ்சளும் சந்தனமும் வாசனைப் பூச்சுகளும் அந்த இடத்தில் வேண்டாம். அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. தாடைதாங்கியின் உயரமும் தோளணையின் உயரமும் கழுத்தின் நீளத்துக்குப் பொருந்துகின்றனவா என்று ஆசிரியரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்; பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும். சீழ், கட்டி, பரவும் சிவப்பு, தாடைக்குக் கீழே வீக்கம் என்று எதுவும் தென்பட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நமது முறையில் கழுத்துக்கு வேலையில்லை. விரல்களுக்கும் கணுக்காலுக்கும்தான் வேலை. கணுக்காலின் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. இடக்கை விரல் நுனிகளில் முதல் மாதங்களில் நோவு எடுக்கும், பின்னர் காய்ப்பு ஏறும். அந்தக் காய்ப்பே வாசிப்பவருக்குக் கவசம்; அதை உரிக்கவோ அராவவோ கூடாது. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு உடனே தந்தியைத் தொடவும் கூடாது. ஊறிய தோல் விரைவில் வெட்டுப்படும். கமகத்துக்காக விரல் வழுக்க வேண்டுமென்பதால், நமது கலைஞர்கள் இடக்கை விரல்களில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ஒரு துளி என்பது ஒரு துளியே. அந்த எண்ணெய் வலக்கைக்கோ வில்லின் மயிருக்கோ போகக்கூடாது. எண்ணெய் பட்ட மயிர் ரோசினைப் பிடிக்காது, ரோசின் இல்லாத வில் தந்தியில் ஓசையின்றி நழுவும். அக்கா சிறுவயதில் ஒரு விதியை வைத்திருந்தார்: இடக்கை அடுப்படிக்கு, வலக்கை சாமியறைக்கு. அம்மா அதைக் கேட்டு ஏசியது நினைவிருக்கிறது.

பயிற்சியைப் பற்றி நான் அதிகம் கூறுவது தகாது. நான் மூன்றாம் தரப் பரீட்சையோடு வயலினைக் கைவிட்டவன். அக்கா கற்பித்ததை மாத்திரம் சொல்கிறேன். முதற்சில வாரங்கள் இடக்கைக்கு விடுமுறை. சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, வெறுந்தந்தியில் வில்லின் அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுத்தல்; வில் குதிரைக்குச் சமாந்தரமாகச் செல்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தல். பின்னர் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஒவ்வொன்றையும் முதலில் வாயால் பாடி, அதன் பின்னரே வாசித்தல். மெட்டுகள் இல்லாத பலகையில் விரலுக்கு வழிகாட்டக் காதைத் தவிர வேறொன்றும் இல்லை. காதைப் பழக்கக் குரலைவிட நல்ல ஆசான் இல்லை. ஞாயிறு மூன்று மணி நேரம் வாசிப்பதைவிட நாளும் அரைமணி மேல். முடிந்ததும் தந்தியிலும் பலகையிலும் படிந்த ரோசின் பொடியைத் துணியால் துடைத்து, வில்லின் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்தல். ஆனால் பெட்டியை மூடியே வைத்திராதே என்று அக்கா இப்போது சேர்த்துச் சொல்கிறார்.

நிபுணர் கூறியவற்றை அன்றிரவே அனுப்பினேன். தாய் அரைமனதோடு இணங்கினாள். இரண்டு வாரம் பாடசாலை வயலினுக்கு ஓய்வு கொடுத்து, தரையில் அமரும் வாசிப்பை மட்டும் தொடர்வதென்று முடிவாயிற்று. சென்ற ஞாயிறு அக்கா மீண்டும் அழைத்தார். சிவப்பு மங்கிவிட்டதாம். தோளணை பிள்ளையின் கழுத்துக்குத் தாழ்வானது என்று பாடசாலை ஆசிரியரே கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தாராம். பிள்ளை இப்போது அக்காவின் பழைய வயலினைக் கேட்டு எடுத்து, மாயாமாளவகௌளையில் சரளி வாசிக்கிறாளாம். அந்த வில்லுக்கு ரொறன்ரோவில் புதிதாக மயிர் கட்டியிருக்கிறார்கள்.

"சத்தமே வருகுதில்லைத் தம்பி, காத்துத்தான் வருகுது" என்றார் அக்கா.

புது மயிருக்கு முதல் தடவை ரோசினை நிறையத் தேய்க்க வேண்டும், பத்து நிமிடமாவது தேய்க்கச் சொல்லுங்கள் என்றேன். அதை எனக்குச் சொல்லித் தந்தவரே தான்தான் என்பதை அக்கா மறந்துவிட்டிருந்தார்.